செய்தி இல்லாத திணை: போடிமலையைப் பார்க்கிற விதங்கள் பற்றி

1

ஒரு வட்டாரத்தை வெளியாளுக்கு அறிமுகம் செய்கிற எழுத்துக்கு உலகம் முழுக்க ஒரே வாய்பாடுதான்: பண்பாடு, கைவினை, உணவு, இயற்கைக் காட்சி. பிரேசிலின் ஒரு கடற்கரையைப் பற்றிய கையேடானாலும் சரி, போடிநாயக்கனூர் ஏலமலைச் சரிவைப் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையானாலும் சரி, இந்த நான்கு பெட்டிகளும் முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஊர்ப்பெயரை மாற்றிச் சரக்கை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. போடிக்கு என்ன நிரப்புவார்கள் என்பது நமக்கு மனப்பாடம். 'தென்காஷ்மீர்' என்கிற பட்டம், ஏலக்காய் மணம், போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகள், கொழுக்குமலைச் சூரியோதயம், குரங்கணி மலையேற்றம், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மதுரையிலிருந்து மலையேறியதாகத் தங்கள் வரலாற்றைச் சொல்கிற முதுவர்கள். அவ்வளவுதான், போடி முடிந்தது.

இதில் பொய் எதுவும் இல்லை. வளைவுகள் 17 இருக்கத்தான் செய்கின்றன. மணமும் உண்மை. சிக்கல் இந்த அடுக்குமுறையில் இருக்கிறது. இது எதைச் சேர்க்கிறது, எதைச் சேர்க்காமல் விடுகிறது என்பதைப் பார்க்க நம்மிடமே பழைய பட்டியல் ஒன்று உண்டு. தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் என்று எட்டைச் சொல்லி, இவை போன்ற பிறவும் உண்டு என்று கதவைத் திறந்து வைக்கிறது. சுற்றுலாக் கையேட்டை இதன் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தெய்வமும் பறையும் யாழும் 'பண்பாடு' ஆகிவிட்டன. உணவு உணவாகவே இருக்கிறது. விலங்கு, மரம், பறவை மூன்றும் சேர்ந்து 'இயற்கைக் காட்சி'. மிஞ்சுவது செய்தி. செய்தி என்றால் அங்கே தொழில். தேன் அழித்தல், கிழங்கு அகழ்தல், தினை விளைத்தல், கிளி கடிதல் என்று உரைகாரர்கள் குறிஞ்சி நிலத்துக்கு எழுதி வைத்த வேலைகள். நவீனக் கையேட்டில் அந்த இடத்தில் 'கைவினை' உட்கார்ந்திருக்கிறது. கைவினை என்பது தொழிலின் ஒரு சின்னத் துண்டு. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகத்தக்க துண்டு. மற்ற வேலை முழுவதும் காணாமல் போய்விட்டது.

செய்தி என்ற சொல்லுக்கு இன்று பத்திரிகைச் செய்தி என்று பொருள். இந்தப் பொருள்மாற்றம் சொல்வரலாற்றில் தற்செயலாக நடந்ததாக இருக்கலாம். போடிமலை விஷயத்தில் அது அச்சாகப் பொருந்துகிறது. அங்கே உழைப்பு நிலத்தின் கருப்பொருளாக எண்ணப்படுவதில்லை. ஜீப் கவிழ்ந்தால், மண் சரிந்தால், தீப்பிடித்தால், எல்லை அடைபட்டால் மட்டும் ஒருநாள் செய்தியாக வருகிறது. மறுநாள் காட்சி தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில் ஒரு நிலமும் அதன் சனங்களும் எப்படித் தொலைகிறார்கள் என்பதே இங்கே பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

இதைச் சாக்காக வைத்துச் சங்கப் பொற்காலத்துக்கு யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதே தொல்காப்பியம்தான் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் ஒதுக்கியது. தொழில் கருப்பொருள் ஆகலாம். ஏவல் தொழில் செய்கிறவரின் காதல் அன்பின் ஐந்திணை ஆகாது. வேலையை நிலத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு வேலையாளை வாசலுக்கு வெளியே நிறுத்துவது பழைய வழக்கம். இப்போதைய கையேடு வேலையையும் சேர்த்து வெளியே நிறுத்துகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

2

முதலில் காட்சியை எடுத்துக்கொள்வோம். மூணாறு போகிறவர்கள் டாப் ஸ்டேஷன் போகாமல் திரும்புவதில்லை. அங்கே நின்றால் போடிப் பக்கத்துப் பள்ளத்தாக்கு மேகத்துக்குக் கீழே விரிந்து கிடக்கும். பார்வைக்காகவே உண்டான இடம் போலத் தோன்றும். பிறகு ஏன் அதற்கு 'ஸ்டேஷன்' என்று பெயர்? 1902ல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி விட்டார்கள். 1908ல் அது சிறு ரயில்பாதையானது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடிதான் பாட்டம் ஸ்டேஷன். நடுவில் இருந்த நிறுத்தத்தின் பெயரில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற குடியிருப்பு குரங்கணிக்கு மேலே இன்னும் இருக்கிறது. கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி, அங்கிருந்து ரயில், பிறகு கப்பல், பிறகு லண்டன். 1924 வெள்ளத்தில் மேலே இருந்த ரயில்பாதை அழிந்தது. 1928ல் மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்தது.

ஆக, இன்று நாம் 'வியூ பாயிண்ட்' என்று போய் நிற்பது ஒரு சரக்கு இறக்குமிடம். பெயர்கள் மட்டும் சாட்சியாக மிஞ்சியிருக்கின்றன. சரக்கு போன வழியில் பார்வை போகிறது. பார்ப்பதற்கு முன்னால் அங்கே சுமந்தார்கள், இழுத்தார்கள், தள்ளினார்கள் என்பதை அந்த இடத்தின் அழகு சொல்லாது. சொல்ல வைப்பது விமர்சனத்தின் வேலை. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டது. 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி வண்டி வந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ரயில் இல்லாமல் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டவர்களைவிட, ரயில் வந்தால் சுற்றுலா வளரும் என்று எழுதியவர்கள்தான் அதிகம்.

காட்டுக்கும் இதே கதைதான். ஏலச்செடி நிழல் கேட்கும். எனவே காட்டின் உயர்ந்த மரங்களை விட்டுவிட்டு, அடிக்காட்டை வெட்டிச் சுத்தம் செய்து செடி வைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது காடு. உள்ளே போனால் தோட்டம். பாஹியா என்கிற பிரேசில் மாநிலத்தின் தென்கடற்கரையில் கொக்கோ விளைகிற விதமும் கிட்டத்தட்ட இதுவே. அட்லாண்டிக் காட்டின் பெருமரங்களை நிழலுக்கு நிறுத்திவிட்டுக் கீழே கொக்கோ நடுவார்கள். அதற்கு 'கப்ரூக்கா' என்று பெயர். இரண்டு இடத்திலும் சுற்றுலாப் பயணி 'பசுமை' என்று படம் எடுப்பது ஒரு வேலைமுறையைத்தான். ஆண்டுதோறும் கவாத்து செய்கிற, நிழலைக் கூட்டிக் குறைக்கிற கைகள் படத்தில் விழுவதில்லை.

1897ல் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காப்புக்காட்டை அறிவித்தது. மரம் வனத்துறையின் பொறுப்பு, நிலம் வருவாய்த்துறையின் பொறுப்பு என்று இரட்டை ஆட்சி. காப்புக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேலா என்கிற சச்சரவு உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது. மரத்துக்கு ஒரு துறை, மண்ணுக்கு ஒரு துறை. நடுவில் குனிந்து நிற்கிறவளுக்கு எந்தக் கோப்பிலும் இடம் இல்லை. ஞள்ளானி என்கிற அதிக மகசூல் ரகம் பரவிய பின் நிழல் இன்னும் குறைந்தது, மருந்தடிப்பு கூடியது. காட்டைக் காப்பாற்ற எழுதுகிறவர்கள் மரத்தின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள், சரிதான். மருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு அடிக்கிறவனின் மூச்சும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

3

விடிகிறதுக்கு முன்னாடி போடி, சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். பெரும்பாலும் பெண்கள். "ஏக்கா, ஜீப்பு வந்துருச்சு" என்கிற குரலில் தெரு எழுந்துவிடும். தூக்குவாளியில் சோறு, தலைக்கு ஒரு துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், காய் எடுத்து, சாயங்காலம் இறங்குகிறார்கள். இதே 17 வளைவுகள்தான். பயணிக்கு அவை அனுபவம். தினமும் நெருக்கியடித்துக்கொண்டு போகிறவளுக்கு அவை வேலைக்கு முன்னால் ஒரு வேலை. அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. அதற்கான போராட்டத்தை நாம் எல்லைப் போராட்டம் என்று நினைவுகூர்கிறோம். எல்லைக்கோட்டைத் தினசரி கடந்து கூலிக்குப் போகிறவர்களின் வாழ்க்கை அந்த நினைவுகூரலில் எங்கே வருகிறது? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது எல்லைச் சாலைகள் அடைபட்டன. மலைமேல் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்குதலுக்கும் மிரட்டலுக்கும் பயந்து காட்டுப் பாதைகளில் இறங்கி வந்தார்கள். அப்போது அவர்கள் 'தமிழர்கள்' என்று செய்தி ஆனார்கள். மேடைகள் போட்டோம். பிரச்சினை அடங்கியதும் அவர்கள் பழையபடி ஜீப்பில் ஏறினார்கள். மேடைக்காரர்கள் வேறு மேடைக்குப் போனார்கள். 2020ல் கொரோனா ஊரடங்கில் மறுபடி எல்லை மூடியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற முடியாது. அதே 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயன்கள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். லயன் என்கிற வீட்டு வரிசையின் பெயரைப் பல வாசகர்கள் முதல்முறையாகக் கேள்விப்பட்டது அப்போதுதான் இருக்கும்.

2018 மார்ச் 11 குரங்கணித் தீயை இந்த வரிசையில் வைத்து வாசிக்க வேண்டும். மலையேற வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த மரணங்களைச் சிறுமைப்படுத்த இங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அதைத் தொடர்ந்து எழுதப்பட்டதைத்தான் கேள்வி கேட்கிறோம். அனுமதி வாங்கினார்களா, வனத்துறை என்ன செய்தது, மலையேற்றத்துக்கு என்ன விதிமுறை என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. எல்லாம் தேவையான கேள்விகள். அந்த எழுத்தில் அந்தப் பாதை 'மலையேற்றப் பாதை' என்றே பெயர் பெற்றது. அது தோட்ட வேலைக்கும் சுமைக்கும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய தடம். கோடையில் போதைப்புல் எப்போது காயும், எந்தச் சரிவில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரிந்தவர்கள் கீழேயே இருக்கிறார்கள். தீயில் சிக்கியவர்களைத் தேடி ஏறியவர்களில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். நிலத்தின் மேல் உழைப்பு சேர்த்து வைத்த அறிவை எந்தக் கையேடும் அறிவாகக் கணக்கில் எடுக்கவில்லை. செய்தி இல்லாத திணையில் பயணியின் உயிருக்கும் பாதுகாப்பு இல்லை என்பதைக் குரங்கணி காட்டியது.

'பண்பாடு' என்ற பெட்டிக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். திருவிழா, கோயில், ஜமீன் அரண்மனை எல்லாம் அதில் வரும். 1989ல் போடியில் வெடித்த சாதிக் கலவரம் வராது. சாதி இங்கே பண்பாடு இல்லையா? எந்தத் தெருவிலிருந்து ஜீப் நிறைகிறது, எந்தத் தெருவில் ஏலக்காய்க் கிட்டங்கி இருக்கிறது என்பதைவிட ஓர் ஊரின் பண்பாட்டைச் சொல்வது வேறு என்ன?

4

கைவினைக்கு வருவோம். ஈற்றையைக் கண்ணாடி போல மினுங்கச் சீவி மலைவாழ் மக்கள் முடையும் கண்ணாடிப்பாய்க்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. அந்தக் கைகளுக்கு அந்த மரியாதை சேர வேண்டும். இங்கே வேறொரு கேள்வி எழுகிறது. போடியில் ஆயிரக்கணக்கான கைகளுக்குத் தெரிந்த வித்தை ஒன்று இருக்கிறது. அது ஏன் கைவினை ஆகவில்லை?

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து தரையோடு தரையாகப் படர்கிற சரத்தில் காய்க்கும். குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சும் இருக்கும், முற்றியதும் இருக்கும், பழுத்ததும் இருக்கும். சரியான பருவத்துக் காயைப் பக்கத்துப் பிஞ்சு அசையாமல் கிள்ள வேண்டும். அதே செடிக்கு ஒன்றரை மாதத்துக்குள் திரும்ப வர வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் ஸ்டோரில் ஒரு நாளுக்கு மேல் சூட்டில் வாட்டப்பட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய். சூடு கூடினால் வெடிக்கும், குறைந்தால் நிறம் போகும். பிறகு அது போடிக்கு வருகிறது. கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து தாள் நீக்கி, சலித்து, ஆய்கிறார்கள். எட்டு மில்லி, ஏழு மில்லி, ஆறு மில்லி என்று சல்லடை பிரித்துவிடும். பச்சை எது, வெளுத்தது எது, வெடிப்பு எது, பூச்சி துளைத்தது எது என்பதைச் சல்லடை பிரிக்காது. அதைக் கண்ணும் விரலும்தான் பிரிக்க வேண்டும். பேசிக்கொண்டே, பிள்ளையை அதட்டிக்கொண்டே அந்த விரல்கள் தப்பில்லாமல் ஓடுகின்றன.

இதைக் கைவினை என்று சொல்லத் தடையாக இருப்பது ஒன்றுதான். பாய் முடைந்தவளின் கை பாயில் தெரிகிறது. ஆய்ந்தவளின் கை ஏலக்காயில் தெரியாது. அவள் வேலை சுத்தமாக முடிந்தால் அவள் இருந்த தடமே இருக்காது. சந்தை கேட்பதும் அதைத்தான்.

பெயரும் இதற்கு உடந்தை. இந்த மலையின் காய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. அதன் பெயர் 'ஆலப்புழைப் பச்சை ஏலக்காய்'. ஆலப்புழை ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு செடி முளைக்காது. திருவிதாங்கூர்க் காலத்தில் காய் போய்ச் சேர்ந்த பண்டகசாலை அங்கே இருந்தது. விளைந்த மலைக்கும், ஆய்ந்த போடிக்கும் இல்லாமல் விற்ற துறைமுகத்துக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது. கருப்பொருளை நிலத்திலிருந்து பிரித்துச் சந்தைக்கு எழுதிக் கொடுப்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டியதில்லை.

இந்தச் சந்தை உள்ளூர்ச் சந்தையும் இல்லை. 1914ல் இங்கிருந்து குவாத்தமாலாவுக்குப் போன செடி அங்கே ஆல்ட்டா வெரபாஸ் மலைகளில் கெக்ச்சி மாயா மக்களின் கைகளில் பெருகி, ஏற்றுமதியில் இந்தியாவை எப்போதோ பின்னுக்குத் தள்ளிவிட்டது. அரபு நாட்டுக் காப்பிக் குவளைக்கு அங்கேயும் காய் போகிறது, இங்கேயும் போகிறது. ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு மலைச்சனங்கள் ஒரே விலைக்கம்பியில் கட்டப்பட்டிருக்கிறார்கள். 2007லிருந்து ஏலம் கணினித்திரையில் நடக்கிறது, போடியிலும் புத்தடியிலும். 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அது நாடு முழுக்கச் செய்தி ஆனது. மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் 2015 செப்டம்பரில் 'பெண்கள் ஒருமை' என்று தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி வைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்ததன் பின்விளைவாக நிர்ணயிக்கப்பட்ட ஏலத்தோட்ட நாள்கூலி 330 ரூபாய். அந்தக் கூலிக் கணக்கில் ஒரு கிலோ ஏலக்காயின் உச்சவிலை 21 நாள் வேலை. பின்னால் கூலி கூடியிருக்கிறது, விலையும் விழுந்து எழுந்திருக்கிறது. ஒன்று மட்டும் மாறவில்லை. விலை ஏறினால் கூலி அன்றே ஏறாது. விலை இறங்கினால் வேலைநாள் அன்றே குறையும்.

5

உணவைப் பற்றி எழுதுவது இப்போது பெரிய தொழிலாகிவிட்டது. 'மண்மணம்', 'பாரம்பரியச் சுவை' என்று சொல்லாமல் ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுத முடியாது. ஏலமலையின் உணவு என்றால் ஏலக்காய் டீ என்று எழுதிவிடுவது சுலபம். காய் எடுக்கப் போகிறவளின் சோற்றைப் பாருங்கள். விடிகாலை மூன்று நாலு மணிக்கு எழுந்து வடித்தது. முந்தின நாள் மொச்சைக்குழம்போ தட்டைப்பயற்றுக் குழம்போ. பத்து மணிக்கு நிழல் மரத்தடியில் ஆறிப்போய்ச் சாப்பிடுவது. கூட கட்டங்காப்பி. மலைமேல் மலையாளி வீட்டுப் பழக்கத்தில் வந்த கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சில நாள். ஏலக்காய் இந்தச் சாப்பாட்டில் கிடையாது. எடுக்கிறவள் வாயில் ஒன்றைப் போட்டால் அது பண்பாடு ஆகாது, களவு ஆகும்.

முதுவர்களின் கேழ்வரகைப் பற்றியும் சுவையாக எழுதுகிறார்கள். காட்டை வெட்டி எரித்து மாற்றி மாற்றி விதைத்த அந்தப் பயிர்முறை, தோட்டமும் காப்புக்காடும் தேசியப் பூங்காவும் வந்து நிலத்தைச் சுருக்கிய பிறகு ஒடுங்கிப்போனது. மதிகெட்டான்சோலை 2003ல் தேசியப் பூங்காவானது. விதைக்கிற நிலத்தை எடுத்துக்கொண்டு விதையைப் பாரம்பரியம் என்று புகழ்வது எந்த ஊர் நியாயம்?

இங்கே பாஹியாவுக்கு மறுபடி போக வேண்டியிருக்கிறது. அந்தக் கடற்கரையின் பேர்போன தின்பண்டம் அக்கராஷே. தட்டைப்பயற்றை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரிப்பது. நம் வடைக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. கந்தோம்பிளே வழிபாட்டில் யான்சான் என்கிற தெய்வத்துக்குப் படைப்பது. அதைத் தெருவில் விற்கிற வெள்ளைப் பாவாடைக் கறுப்பினப் பெண்களின் தொழிலை, 2005ல் பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. பதிவானது பண்டம் இல்லை, 'பையானா'க்களின் தொழில் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த அளவுக்கு அது நம் கையேடுகளைவிட மேல். ஆனாலும் 2014 உலகக்கோப்பைக் கால்பந்துக்கு சல்வடோர் நகரம் தயாரானபோது, விளையாட்டரங்கைச் சுற்றி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மட்டும்தான் விற்கலாம் என்று விதி வந்தது. மரபாகப் பதிவான அதே பெண்கள் தங்கள் ஊர் அரங்கின் வாசலில் அடுப்பு வைக்க முடியாது. அவர்கள் சங்கமாகத் திரண்டார்கள், போராடினார்கள், இடம் வாங்கினார்கள்.

பாடம் தெளிவானது. மரபு என்கிற பட்டயம் ஒருத்தியின் இடத்தைக் காப்பாற்றாது. அவளுடைய சங்கம் காப்பாற்றும். பட்டயம் அந்தச் சங்கத்தின் கையில் ஒரு ஆயுதமாக இருக்கலாம், அவ்வளவே.

6

இனி சினிமா. நம் காலத்தில் ஒரு நிலத்தைக் காட்சியாக மாற்றுகிற பெரிய எந்திரம் அதுதான். அல்லிநகரத்து பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து இளையராஜாவும் வந்த பிறகு தேனி வட்டாரம் தமிழ்த் திரையின் நிரந்தரப் பச்சை ஆகிவிட்டது. குரங்கணிப் பக்கம் எடுக்கப்பட்ட 'மைனா' (2010) மலையைக் காதலின் தூய்மைக்கும் அதன் அழிவுக்கும் பின்னணியாக்கியது. அந்தப் படத்தில் மலைப்பாதையில் ஓடுகிறார்கள், பஸ் உருளுகிறது, காதல் செய்கிறார்கள். மலையில் யாருக்கு என்ன வேலை என்று கேட்டால் படத்துக்குப் பதில் தெரியாது.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018 ஆகஸ்டில் வந்தது, குரங்கணித் தீக்கு ஐந்து மாதம் கழித்து. அந்தப் படத்தின் பெரிய காரியம், மலையைப் பாதையாக மாற்றியது. ரெங்கசாமி சுமையோடு ஏறுகிறான், இறங்குகிறான். கேமரா அவன் கால் வேகத்துக்கு அடங்குகிறது. ஒரு வளைவில் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது, எந்தப் பாறையில் சுமை இறக்குவது, எந்தச் சாமிக்குக் கல் வைப்பது என்று மலை முழுக்க வேலையின் குறிப்புகளால் எழுதப்படுகிறது. தெய்வமும் உணவும் மரமும் அங்கே தொழில் வழியாகத்தான் வருகின்றன. சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் விழுந்து சிதறும்போது அந்தப் பள்ளத்தாக்கை நாம் முதல்முறையாக ஆழம் என்று உணர்கிறோம். அதுவரை சினிமா நமக்குக் காட்டியது அகலம் மட்டும். கடைசியில் தான் இழந்த நிலத்தில் நிற்கிற காற்றாலைக்கே அவன் காவலாளி ஆகிறான். நிலத்தின் மேல் உழைத்தவன் நிலத்தின் காட்சிக்குக் காவல் நிற்கிறான் என்று இதை வாசிக்க இடமிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். இந்தப் படத்தின் மையம் ஒரு காணி நிலத்துக்கு ஏங்குகிற ஆண். சுமைதூக்கியின் கால் கதையை நகர்த்துகிறது. பெண்கள் இருக்கிறார்கள், ஈஸ்வரி குடும்பத்தைத் தாங்குகிறாள். ஆனால் ஏலமலைப் பொருளாதாரத்தைத் தாங்குகிற குனிந்த முதுகும், கிட்டங்கியில் ஓடுகிற விரலும் கதையின் தர்க்கம் ஆகவில்லை. நிலம் கிடைத்துவிட்டால் ரெங்கசாமியின் கதை முடிந்திருக்கும் என்கிற எண்ணத்தைப் படம் மிச்சம் வைக்கிறது. ஜீப்பில் போகிறவளுக்கு அப்படி ஒரு முடிவு கனவில்கூட இல்லை. அவளுடைய கோரிக்கை கூலி, பயணம், கழிப்பிடம், பிரசவகாலச் சம்பளம். இவற்றுக்குக் காவியத்தன்மை கிடையாது. எனவே இவை கதைக்குள் வரச் சிரமப்படுகின்றன.

இன்னொரு அபாயமும் இருக்கிறது. உழைப்பைச் சொன்ன கலையையும் காட்சி விழுங்கிவிடும். பாஹியாவின் கொக்கோ நிலத்தில் பிறந்த ஜோர்ஜ் அமாடோ 1933ல் 'கக்காவ்' நாவலில் தோட்டக்கூலிகளை எழுதினார். 1937ல் அவர் புத்தகங்களை சல்வடோரில் பொது இடத்தில் எரித்தார்கள். 1958ல் வந்த 'கேப்ரியேலா' தொலைக்காட்சித் தொடராகி, திரைப்படமாகி, கடைசியில் இல்யேயுஸ் நகரத்தின் சுற்றுலா முத்திரை ஆனது. நாவலில் வருகிற மதுக்கடைக்குப் போய் அமாடோவின் சிலையோடு படம் எடுத்துக்கொள்ளலாம். 1989ல் வந்த பூஞ்சை நோயில் கொக்கோ சரிந்து, வேலை இழந்த தொழிலாளர்கள் நகரத்து ஓரங்களுக்குப் போனார்கள். கரை 'கொக்கோக் கடற்கரை' என்கிற பெயரில் பயணிகளுக்குத் திறந்திருக்கிறது. புத்தகத்தை எரித்தவர்களால் முடியாததை விளம்பரம் முடித்தது. ரெங்கசாமி நடந்த பாதை நாளைக்கு 'படப்பிடிப்புத் தலம்' என்று கையேட்டில் ஐந்தாவது பெட்டியாகச் சேராது என்பதற்கு யார் உத்தரவாதம்?

7

நண்பர்கள் கேட்கலாம்: அப்படியானால் அழகைப் பற்றியே எழுதக்கூடாதா? கொழுக்குமலையில் சூரியன் உதிக்கிறதைப் பார்த்து ஒருத்தன் மெய்மறந்தால் அது குற்றமா? குற்றமில்லை. ஜீப்பில் வளைவு ஏறும்போது மலையைப் பார்த்து வாயடைத்துப்போகிற கணம் காய் எடுக்கப் போகிற பெண்களுக்கும் உண்டு. அழகு முதலாளியின் சொத்து என்று நாம் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதில்லை. அவர்களுடைய பார்வையில் மலை எப்படி அழகாக இருக்கிறது என்பதைக் கேட்டு எழுதியவர்கள் குறைவு. அங்கே மேகம் என்றால் மழை, மழை என்றால் வேலை இல்லை அல்லது அட்டைக்கடி. பூ என்றால் இன்னும் சில மாதத்தில் காய். அழகும் கணக்கும் அங்கே ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

வட்டார எழுத்து என்கிற பெயரில் நாம் செய்து வந்ததையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பேச்சுமொழியைக் கொண்டுவந்தோம், சாமிகளைக் கொண்டுவந்தோம், கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்தோம். கூலிச்சீட்டைக் கொண்டுவந்தோமா? ஜீப் வாடகையை யார் கொடுக்கிறார்கள், கங்காணிக்கு எவ்வளவு போகிறது, கிட்டங்கியில் கிலோ கணக்கா நாள் கணக்கா என்று எத்தனை கதைகளில் எழுதியிருக்கிறோம்? இவை இலக்கியத்துக்கு அந்நியமான தகவல்கள் என்று நினைத்தால், நம் பட்டியலுக்கும் கையேட்டின் பட்டியலுக்கும் வித்தியாசம் மொழிநடை மட்டும்தான்.

எனவே ஒரு எளிய சோதனையை முன்வைக்கலாம். ஒரு நிலத்தைப் பற்றிய எந்த எழுத்தை எடுத்தாலும், படத்தை எடுத்தாலும், அங்கே செய்தி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். தொழில் என்கிற பழைய பொருளில் இருக்கிறதா, விபத்து என்கிற புதிய பொருளில் இருக்கிறதா, இரண்டிலும் இல்லையா? போடிமலைக்கு நீலக்குறிஞ்சி அடுத்து 2030ல் பூக்கும். அன்றைக்கும் விடிகாலை ஜீப்புகள் ஏறும். பூவைப் பற்றி எழுத இப்போதே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.